மரச்சட்டப் பெஞ்சு: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

நீளவாக்கில் இடைவிட்டு நிறுத்திய பன்னிரண்டு ஓக் மரச்சட்டங்களும், அவற்றைத் தாங்கும் இரண்டு கறுப்புக் கால்சட்டகங்களும் மட்டுமே கொண்ட ஒரு பெஞ்சை மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கினேன். அதற்குச் சாய்மானம் இல்லை, கைப்பிடி இல்லை, மெத்தையும் இல்லை. நீளம் 122 செ.மீ., அகலம் 44 செ.மீ., தரையிலிருந்து உயரம் 36 செ.மீ. ‘மிட் சென்சுரி மாடர்ன்’ (இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவான எளிய வடிவமைப்புப் பாணி) என்ற பெயரில் விற்கப்படும் இந்த வகைப் பெஞ்சைப் படங்களில் பார்க்கும்போது, எந்த அறையில் வைத்தாலும் பொருந்திவிடும் என்றே தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வீட்டுக்குள் நான்கு இடங்கள் மாற்றிய பிறகுதான் அது எங்கே உதவுகிறது, எங்கே தொல்லையாகிறது என்பது பிடிபட்டது. அந்த நான்கு இடங்களையும், இடையில் நான் செய்த பிழைகளையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

இந்த வடிவத்தின் முன்மாதிரி அமெரிக்கரான ஜார்ஜ் நெல்சன் வரைந்தது. கட்டடக் கலை பயின்ற அவர், மிச்சிகன் மாநிலத்தின் ஸீலண்டில் இயங்கிய ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக வடிவமைத்த ‘பிளாட்ஃபார்ம் பெஞ்ச்’ 1946இல் வெளிவந்தது. மேலே வெளிர்நிற மேப்பிள் சட்டங்கள், கீழே கருஞ்சாயம் ஏற்றிய கால்கள் என்ற அமைப்பு அதில் தொடங்கியதுதான். பெயரிலேயே மேடை என்ற பொருள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். உட்காருவதற்கு மட்டுமல்லாமல், அதே காலத்தில் அவர் வடிவமைத்த அலமாரிப் பெட்டிகளை மேலே தூக்கி வைப்பதற்கான அடித்தளமாகவும் அது கருதப்பட்டது. நெல்சன் இதைத் தம் அலுவலகத்துக்காக உருவாக்கினார் என்றும், வந்தவர்கள் நெடுநேரம் உட்கார்ந்துவிடக் கூடாது என்ற எண்ணமும் அதில் இருந்தது என்றும் ஒரு கதை உண்டு. கதை எப்படியிருந்தாலும், இந்தப் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்கள் அதை நம்பிவிடுவார்கள்.

அடுத்த சில ஆண்டுகளில் இதே எண்ணத்தை வேறு கைகளும் எடுத்துக்கொண்டன. சிற்பியான ஹாரி பெர்டோயா 1952இல் நோல் நிறுவனத்துக்காக, மரச்சட்டங்களுக்கு அடியில் வளைத்துப் பற்றவைத்த எஃகுக் கம்பிக் கால்களை வைத்தார். பிரான்சின் ஷார்லோட் பெரியாண்ட், மௌரித்தானியாவின் கான்சாடோ என்னும் சுரங்க ஊழியர் குடியிருப்புக்காக 1958இல் செய்த நீண்ட தாழ்வான பெஞ்சில் ஒரு பக்கம் மெத்தையும் மறு பக்கம் பெட்டியும் வைக்க முடிந்தது. மூவருடையதிலும் பொதுவாக இருப்பது ஒன்றே: இருக்கையாகவும் மேடையாகவும் ஒரே பொருளைப் பயன்படுத்துவது. என் பெஞ்சை நான் சோதித்ததும் இந்த இரண்டு வேலைகளிலும்தான்.

இடங்களைப் பற்றிச் சொல்வதற்கு முன், சட்டங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் பெஞ்சின் நன்மை தீமை எல்லாமே அவற்றுக்கு நடுவில் உள்ள இடைவெளியிலிருந்துதான் வருகின்றன. என் பெஞ்சில் ஒவ்வொரு சட்டமும் 20 மி.மீ. தடிமனும் 38 மி.மீ. உயரமும் கொண்டது, இரண்டு சட்டங்களுக்கு நடுவே 18 மி.மீ. இடைவெளி. சட்டங்களைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் இதில் முக்கியம். ஒரு மரத்துண்டின் வளையாத் தன்மை அதன் அகலத்தையும் உயரத்தின் மும்மடியையும் பொறுத்தது என்பதால், இதே சட்டத்தைப் படுக்கவைத்திருந்தால் கிடைக்கும் விறைப்பைவிட நிறுத்திவைக்கும்போது சுமார் மூன்றரை மடங்கு விறைப்பு கிடைக்கிறது. அதனால்தான் இடையில் கால் எதுவும் இல்லாமலே இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்தாலும் பெஞ்சு தொய்வதில்லை. இதே அகலத்தில், 38 மி.மீ. கனமுள்ள முழுப் பலகையாகச் செய்திருந்தால் தேவைப்படும் மரத்தில் பாதியைவிடச் சற்றே அதிகமான மரம்தான் மேற்பரப்பில் உள்ளது. ஆகவே ஒருவரே தூக்கி இடம் மாற்ற முடிகிறது.

இன்னொரு நன்மை கண்ணுக்குத் தெரியாதது. மரம் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப அகலவாக்கில் விரிந்து சுருங்கும். மரத்தின் ஈரப்பதம் நான்கு சதவீத அளவு மாறினால், 44 செ.மீ. அகலமுள்ள ஓக் பலகை ஏறக்குறைய 6 மி.மீ. வரை அகலம் மாறக்கூடும். அந்த அசைவுக்கு வழிவிடாமல் திருகாணியால் இறுக்கியிருந்தால் பலகை விரிசல் விடும், அல்லது வளையும். 20 மி.மீ. சட்டத்தில் அதே மாற்றம் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. அந்தச் சிறு அசைவையும் பக்கத்து இடைவெளி வாங்கிக்கொள்கிறது. மூன்று ஆண்டுகளில் மழைக்காலமும் வெயில்காலமும் மாறி மாறி வந்தும் என் பெஞ்சில் ஒரு சட்டம்கூட முறுக்கிக்கொள்ளவில்லை. அதே வீட்டில் இருந்த என் பழைய மேசையின் பலகையோ நடுவில் பிளந்துவிட்டது.

முதலில் அதைச் சோபாவின் முன்னால், காபி மேசைக்குப் பதிலாக வைத்தேன். பெரும்பாலான விளம்பரப் படங்கள் அப்படித்தான் காட்டுகின்றன. சோபாவின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, இருக்கையைவிடச் சற்றுத் தாழ்ந்த உயரம் என்று அளவுகள் எல்லாம் கச்சிதமாக அமைந்தன; பார்ப்பதற்கும் அறை அகன்றதுபோல் இருந்தது. ஆனால் மேசை என்பதற்கு மூடிய பரப்பு வேண்டும் என்பதை நான் யோசிக்கவில்லை. பேனா விழுந்தது. சாவி விழுந்தது. மூக்குக்கண்ணாடியின் காது பிடி இடைவெளியில் சிக்கி, எடுக்கும்போது வளைந்துபோனது. குறுகிய அடியுள்ள கோப்பைகள் இரண்டு சட்டங்களின் விளிம்புகளில் மட்டும் நின்று ஆடின. ஒருமுறை காபி கொட்டியபோது, முழுப் பலகையாக இருந்தால் ஒரு துணியில் துடைத்து முடிந்திருக்கும் வேலை, சட்டங்களின் பக்கவாட்டுகள், அடிப்புறக் குறுக்குக் கட்டைகள், கீழே விரித்த கம்பளம் என்று மூன்று இடங்களில் துடைக்கும் வேலையாக விரிந்தது. அகலமான தட்டு ஒன்றை நிரந்தரமாக மேலே வைத்துச் சமாளிக்கலாம், நானும் சமாளித்தேன். ஆனால் தட்டு மூடிய பிறகு பெஞ்சின் அழகில் பாதி போய்விட்டது. காபி மேசைக்காக இதை வாங்க நினைப்பவர்கள் வேண்டாம் என்று விட்டுவிடுவதே நல்லது. பெரிய படப் புத்தகங்களை அடுக்கிவைக்க மட்டும் என்றால் சரி.

அடுத்து கட்டிலின் கால்மாட்டில் வைத்தேன். அதைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. மெத்தையின் மேற்பரப்பு பெஞ்சைவிட ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தில் இருந்ததால் பெஞ்சு கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. இரவில் கழற்றிய போர்வையை மடித்து வைக்க உதவியது, அவ்வளவுதான். தாழ்வான கட்டில் உள்ளவர்களுக்கு இது நன்றாக அமையலாம்.

மூன்றாவது இடம் கூடத்தின் சன்னலடி. பெஞ்சைச் சன்னலுக்கு இணையாக, சுவரையொட்டி வைத்து, மேலே செடித்தொட்டிகளை வரிசையாக அடுக்கினேன். மேடை என்ற வேலைக்கு இது மிகப் பொருத்தமாக இருந்தது. தொட்டியின் அடியில் காற்றோட்டம் கிடைத்தது. கனமான மண்தொட்டிகளைத் தாங்கப் பெஞ்சுக்குச் சிரமமே இல்லை. ஆனால் இங்குதான் என் பெரிய பிழை நடந்தது. ஒரு தொட்டியை வார்ப்பிரும்பு வளையத்தின் மீது வைத்திருந்தேன். செடிக்கு ஊற்றிய தண்ணீர் வழிந்து, வளையத்துக்கும் ஓக் மரத்துக்கும் நடுவில் தேங்கியிருக்கிறது. ஒரு வாரம் கழித்துத் தொட்டியை நகர்த்தியபோது, நான்கு சட்டங்களின் குறுக்கே நீலம் கலந்த கறுப்பில் ஒரு பிறை வடிவக் கறை பதிந்திருந்தது. மை கொட்டியதுபோலவே இருந்தது. ஒருவகையில் அது மைதான். ஓக்கில் இயல்பாக உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இரும்போடும் ஈரத்தோடும் சேர்ந்தால் கறுத்துவிடும். பழைய காலத்தில் எழுதும் மையைத் தயாரித்த வேதிவினையும் இதுவே. சோப்பு நீரால் அது போகவில்லை. மேல்பூச்சை உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, ஆக்ஸாலிக் அமிலக் கரைசலைக் கையுறை அணிந்து தடவி, நன்றாகக் கழுவி உலர்த்திய பிறகே கறை வெளுத்தது. ஓக் பெஞ்சின் மீது இரும்பையும் ஈரத்தையும் சேர்த்து வைக்கவே கூடாது என்பதை இந்தப் பெஞ்சை வாங்குபவர்களிடம் கடைக்காரர்கள் சொல்லியே விற்க வேண்டும்.

சன்னலடியில் வேறொரு ஏமாற்றமும் இருந்தது. சட்டங்களின் ஊடாக வெயில் இறங்கித் தரையில் கோடு கோடாக நிழல் விழும் என்று ஆசைப்பட்டிருந்தேன். விழுந்ததோ ஒரே கட்டியான நீள்சதுர நிழல். காரணம் எளிமையானது. சன்னலிலிருந்து வரும் வெயில் சட்டங்களுக்குக் குறுக்காக வந்தது; 38 மி.மீ. உயரமுள்ள சட்டங்கள் 18 மி.மீ. இடைவெளியில் நிற்கும்போது, சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலே இருந்தால் தவிர குறுக்கே வரும் ஒளி அவற்றுக்குள் புகுந்து வெளியேற முடியாது. ஒரு சட்டத்தின் நிழல் அடுத்த சட்டத்தின் மீதே விழுந்துவிடுகிறது.

நான்காவதாக, வாசலிலிருந்து உள்ளே செல்லும் நடையில் சுவரோரமாக வைத்தேன். இப்போது இரண்டு ஆண்டுகளாக அங்கேதான் இருக்கிறது. காலணி அணிவதற்கும் கழற்றுவதற்கும் உட்காரும் இருக்கையாக இதைவிடச் சிறந்த ஒன்றை நான் பயன்படுத்தியதில்லை. வழக்கமான நாற்காலி 45 செ.மீ. உயரத்தில் இருக்கும், 36 செ.மீ. உயரத்தில் உட்காரும்போது கை இயல்பாகவே காலடியை எட்டிவிடுகிறது, குனிந்து மூச்சு வாங்க வேண்டியதில்லை. காலணியில் ஒட்டிவந்த மண்ணும் மணலும் இடைவெளி வழியே தரைக்கு இறங்கிவிடுவதால் இருக்கை அழுக்காவதில்லை. நனைந்த பையை வைத்தால் அடியிலும் காற்றுப் பட்டு உலர்கிறது. அடியில் இரண்டு வரிசைக் காலணிகள் நிற்கின்றன. மேசையில் தொல்லையாக இருந்த அதே 18 மி.மீ. இங்கே ஒவ்வொரு நாளும் வேலை செய்கிறது.

நான் எதிர்பார்க்காமலே நிழலும் கிடைத்தது. நடையின் கோடியில் ஒரு சிறு சன்னல் இருக்கிறது. பெஞ்சின் குறுகிய முனை அதை நோக்கி அமைந்துவிட்டது. ஆண்டின் சில மாதங்களில் காலை வெயில் சட்டங்களின் நீளப்போக்கிலேயே உள்ளே வருகிறது. அப்போது அடியில் உள்ள காலணிகளின் மீதும் தரையின் மீதும் பதினொரு ஒளிக்கீற்றுகள் நீண்டு கிடக்கும். கால்சட்டகத்தின் நிழல் மட்டும் அவற்றைக் குறுக்கே வெட்டும். வெயில் நகர நகரக் கீற்றுகள் மெலிந்து, கால் மணி நேரத்துக்குள் நூல்போலாகி மறைந்துவிடும். இந்தக் காட்சி வேண்டும் என்பவர்கள் பெஞ்சின் நீளப் பக்கத்தையல்ல, முனையைச் சன்னலின் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். எந்த விளம்பரக் குறிப்பிலும் இதை நான் படித்ததில்லை.

இருக்கை என்ற வகையில் இதற்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, நெடுநேரம் உட்கார ஏற்றதல்ல. இருபது நிமிடங்களுக்கு மேல் உட்கார்ந்தால் தொடையின் பின்புறம் சட்டங்களின் தடம் பதிகிறது. சட்ட விளிம்புகளை நன்றாக மழுக்கியிருந்தால் இது குறையும். வாங்கும் முன் விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. இரண்டாவது, தாழ்வான இருக்கையிலிருந்து எழுவது வயதானவர்களுக்குக் கடினம். முழங்கால் வலியுள்ள என் தாயார் முதல் நாள் உட்கார்ந்துவிட்டு, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் எழ முடியாமல் தவித்தார். சுவரில் ஒரு கைப்பிடியைப் பொருத்திய பிறகே அவர் இதைப் பயன்படுத்துகிறார். முதியவர்கள் உள்ள வீட்டில் அந்தக் கைப்பிடியையும் பெஞ்சோடு சேர்த்தே திட்டமிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மெத்தை விரிப்பதைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். முழு நீளத்துக்கும் மெத்தை போட்டால் சட்டங்கள் மறைந்து, இது சாதாரண மெத்தை இருக்கையாகிவிடும். அதற்கு இந்தப் பெஞ்சு தேவையில்லை. பாதி நீளத்துக்கு 4 செ.மீ. தடிமனுள்ள மெத்தை ஒன்றைப் போட்டு மறு பாதியைத் திறந்தே விடுவது எனக்குப் பிடித்திருக்கிறது. உயரமும் சற்றுக் கூடுகிறது. மெத்தை வழுக்காமல் இருக்க ரப்பர் வலைத்துணியை அடியில் விரிக்கலாம். நாடா வைத்துக் கட்டுவதாக இருந்தால் இடைவெளி வழியே நாடாவை நுழைத்துக் குறுக்குக் கட்டையில் முடிச்சிடுவதற்கும் வசதி உண்டு.

வாங்கிய கடையைப் பற்றி எனக்கு மனக்குறை இருக்கிறது. பெஞ்சு வந்த நாளிலேயே ஒரு மூலை ஆடியது. தரைதான் சமமாக இல்லை என்று கடையில் சொன்னார்கள். மூன்று அறைகளில் வைத்துப் பார்த்தும் அதே மூலைதான் ஆடியது. கால்களின் அடியில் உயரத்தைச் சரிசெய்யும் திருகு இருக்கும் என்று விற்பனைக் குறிப்பில் எழுதியிருந்தார்கள். உண்மையில் அங்கே ஒட்டப்பட்டிருந்தவை வெறும் பஞ்சுத் துண்டுகள். பலமுறை கேட்ட பிறகு திருகுகளை அனுப்பிவைத்தார்கள். அவற்றைப் பொருத்தத் துளை போடும் வேலை என்னுடையதாயிற்று. மேலும், முழுவதும் ஓக் என்று சொல்லப்பட்ட பெஞ்சின் கால்களில் கருஞ்சாயம் ஒரு மூலையில் உதிர்ந்தபோது, உள்ளே தெரிந்தது ஓக்கின் நீண்ட கோடுகள் அல்ல, சிறு புள்ளிகள் நிறைந்த வெளிறிய பீச் மரம். பீச் உறுதியான மரம்தான், காலுக்கு அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் சொன்னது ஒன்று, கொடுத்தது வேறு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே வாங்க நினைப்பவர்கள் பெஞ்சைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். மேற்பரப்பு எல்லாப் பெஞ்சுகளிலும் ஒன்றுபோலத்தான் தெரியும். தரம் அடிப்புறத்தில்தான் இருக்கிறது. குறுக்குக் கட்டைகளில் காடி (பள்ளம்) வெட்டி, சட்டங்களை அதற்குள் இறக்கிப் பொருத்தியிருந்தால் அது நீடித்து உழைக்கும். வெறும் திருகாணியால் மேலோட்டமாக முடுக்கியிருந்தால், ஓரிரு ஆண்டுகளில் சட்டங்கள் பக்கவாட்டில் அசையத் தொடங்கும். கால்சட்டகத்தின் மூலைகளில், இரண்டு கைவிரல்களைக் கோத்ததுபோல ஒரு கட்டையின் பற்கள் மற்றொன்றின் பற்களுக்குள் நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். நெல்சனின் பெஞ்சு பேர்பெற்றதற்கு அந்த மூட்டும் ஒரு காரணம். சட்டத்தின் முனையில் மரத்தின் ஆண்டு வளையங்கள் தெரிய வேண்டும். அவை தெரியாமல் பக்கவாட்டின் கோடுகளே முனையிலும் தொடர்ந்தால், அது மரத்தூள் பலகையின் மீது மெல்லிய மேலொட்டு ஒட்டிய பெஞ்சு. வறண்ட இடத்தில் அலங்காரத்துக்கு அது போதும். வாசலிலும் செடிகளுக்கு அடியிலும் நிலைக்காது.

பராமரிப்பில் கடினமானது தூசி ஒன்றுதான். வாரம் ஒருமுறை மென்மையான நீள்முடித் தூரிகையை இடைவெளிகளில் நீளவாக்கில் இழுத்தால் போதும். விட்டுவைத்தால் குறுக்குக் கட்டைகளின் மேல் தூசி திரிபோல உருண்டுவிடும். ஆண்டுக்கு ஒருமுறை மெல்லிய உப்புத்தாளால் மரத்தின் ரேகையோடு தேய்த்து, ஆளி விதை எண்ணெய் கலந்த மெழுகைப் பூசுகிறேன். எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. ஆளி விதை எண்ணெய் உலரும்போது வெப்பத்தை வெளியிடுவதால், சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றக்கூடும். வெளியே விரித்து முழுவதும் உலர்த்திய பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.

நீளத்தைப் பற்றி ஒரு சொல். நெல்சனின் பெஞ்சு இன்று 48, 60, 72 அங்குல நீளங்களில் கிடைக்கிறது. என்னுடையது 48 அங்குல அளவை ஒத்தது. நடையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து காலணி மாட்டும்போது முழங்கை இடிக்கிறது, பையை வைக்க இடம் இருப்பதில்லை. சுவரில் இடம் இருக்குமானால் 60 அங்குலத்தையே தேர்ந்தெடுங்கள். ஒருவர் உட்கார, பக்கத்தில் பையும் குடையும் இருக்க, அதற்கு மேலும் ஓர் அடி காலியாகக் கிடக்க அந்த நீளம் போதும். கீற்றுகளாக வெயில் இறங்குவதற்கும் அந்தக் காலி இடம் வேண்டும்.